வாசகர் ஓட்டில் விருது: ஓட்டை விழுவது பரிந்துரைச் சுற்றில்

வாசகர் ஓட்டில் விருது கொடுக்க நினைப்பவர்கள் கள்ள ஓட்டைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய பொத்தல், இறுதிப் பட்டியலுக்கான பெயர்களை வாசகர்கள் முன்மொழியும் பரிந்துரைச் சுற்றில் இருக்கிறது. 300 பேர் ஆளுக்கு 5 பெயர் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். 240 பேர் அவரவர் ரசனைப்படி எழுதும்போது ஓட்டுகள் நூறு பெயர்களில் சிதறும். அதிகம் பேருக்குப் பிடித்ததுகூட 45 ஓட்டைத் தாண்டாமல் போகலாம். மீதி 60 பேர் பேசிவைத்து அதே 5 பெயரை எழுதினால் முதல் ஐந்து இடமும் அவர்களுக்குத்தான். இதில் யாரும் எந்த விதியையும் மீறவில்லை.

அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதில் 2015-இல் நடந்தது இதுதான். கூட்டாகப் போட்ட பட்டியல்கள் பல பிரிவுகளை நிரப்பின. இறுதிச் சுற்றில் வாக்காளர்கள் 5 பிரிவுகளில் ‘விருது இல்லை’ என்பதற்கே ஓட்டுப் போட்டார்கள். 2017 முதல் அங்கே ஒரு பிரிவில் ஒருவர் 5 பெயர்தான் சொல்லலாம், இறுதிப் பட்டியலில் 6 இடம். எண்ணும் முறையையும் மாற்றினார்கள். அது எந்தச் சிறிய குழுவுக்கும் பொருந்தும்.

முறை இது: ஒருவரின் ஓட்டுச்சீட்டுக்கு 1 புள்ளி. சீட்டில் 5 பெயர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.2. புள்ளியில் கடைசியாக நிற்கும் இரண்டு பெயர்களை எடுத்து, எது குறைவான சீட்டுகளில் இருக்கிறதோ அதை நீக்குங்கள். நீங்கிய பெயரின் பங்கு அதே சீட்டில் மிஞ்சியிருக்கும் பெயர்களுக்குப் பிரியும். 6 பெயர் மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். 60 பேர் கூட்டணியின் ஒவ்வொரு பெயருக்கும் தொடக்கத்தில் 12 புள்ளிதான் இருக்கும்; அதனால் அவர்களுடைய பெயர்களே ஒன்றோடொன்று மோதி உதிரும். ஒன்றிரண்டு தங்கினால் தங்கட்டும், 60 பேருக்கு அந்தப் பங்கு நியாயம்தான். புள்ளியும் சீட்டு எண்ணிக்கையும் சமமானால் என்ன செய்வது என்பதை ஓட்டு தொடங்கும் முன்பே எழுதி அறிவித்துவிடுங்கள். எக்செல்லில் கையால் நீக்கிக்கொண்டே போனால் நிச்சயம் எங்காவது பிசகும். சின்ன நிரல் ஒன்று எழுதி, 10 சீட்டைக் கையால் எண்ணி விடை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இறுதிச் சுற்றில் ஒரே ஒரு பெயரை டிக் செய்யச் சொல்லாதீர்கள். 100 பேரில் அ-வுக்கு 40, ஆ-வுக்கு 35, இ-க்கு 25 என்றால் அ ஜெயித்துவிடும். இ-யின் 25 பேருக்கும் இரண்டாவது விருப்பம் ஆ என்றால், 60 பேர் விரும்பிய ஆ தோற்றிருக்கிறது. 1, 2, 3 என வரிசை கேளுங்கள். கடைசியில் நிற்பதை நீக்கி, அந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுங்கள். ‘விருது இல்லை’ என்பதையும் ஒரு வேட்பாளராகவே சேருங்கள்.

நட்சத்திர மதிப்பெண் வைத்துத்தான் தேர்வு என்றால் வெறும் சராசரி ஏமாற்றும். 5 பேர் 9.6 கொடுத்தது, 200 பேர் 8.4 கொடுத்ததை முந்திவிடும். எல்லாவற்றுக்கும் பொதுச் சராசரியில், 7 என்று வைப்போம், 30 கற்பனை ஓட்டு சேருங்கள்: முதலாவது 7.37-க்கு இறங்கும், இரண்டாவது 8.22-இல் நிற்கும்.

இனி கள்ள ஓட்டு. விருதை அறிவித்த நாளுக்கு முன்பே உறுப்பினரானவர்களுக்கு மட்டும் ஓட்டு என்ற ஒரு விதி பாதி வேலையை முடித்துவிடும். ஐபி முகவரியை வைத்துத் தடுக்காதீர்கள். ஒரே வீட்டில், ஒரே விடுதியில் இருப்பவர்களின் நல்ல ஓட்டுகளும் போய்விடும். நிமிட இடைவெளியில் வரிசையாக விழும் ஒரே மாதிரிச் சீட்டுகள், ஓர் எழுத்து மட்டும் மாறும் வாக்காளர் பெயர்கள், இவைதான் அடையாளம். ஹியூகோவில் 2024-இல் இப்படி 377 சீட்டுகளை நீக்கினார்கள்; முடிவுக்கு முன்பே எண்ணிக்கையையும் காரணத்தையும் வெளியே சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சில படைப்புகளைக் காரணம் சொல்லாமல் தகுதி நீக்கியதில் அந்த விருதின் மீதிருந்த நம்பிக்கை பெரிதும் குலைந்திருந்தது. நீக்குவது சீட்டானாலும் படைப்பானாலும் காரணத்தை ஒரு வரியாவது எழுதி வெளியிடுங்கள்.

எண்ணுபவர்கள் இருவர் இருக்கட்டும், இருவரும் போட்டியில் இல்லாதவர்களாக, தனித்தனியாக எண்ணட்டும். முடிவு அறிவித்த அன்றே ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கையையும் போடுங்கள். ஓட்டுப் போட்டவரின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு, சீட்டுகளை 90 நாளாவது வைத்திருங்கள். யாராவது மறு எண்ணிக்கை கேட்டால் எடுத்துக் கொடுக்க அவை வேண்டும்.