மண்வெட்டிக் காசு கைக்கு வந்தால்

மண்வெட்டிக் காசு என்பது சீனாவில் பழங்காலத்தில் மண்வெட்டி வடிவில் வார்த்த வெண்கலக் காசு. எனக்குக் கிடைத்த முதல் காசைப் பெரியம்மா குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு மினுக்கிவிட்டா. நல்ல மனதோடுதான் செய்தா. ஆனால் வெண்கலத்தில் ஏறியிருந்த பச்சை அரை மணித்தியாலத்தில் போய்விட்டது. அதனால் புளி, தேசிக்காய், பொலிஷ் எதையும் கிட்டக் கொண்டுவராதீர்கள்.

முதலில் தலைப்பக்கத்தை, அதாவது பிடி வரும் மேல்முனையை, வடிவாகப் பாருங்கள். வட்டைக்குக் கொண்டுபோகும் மண்வெட்டியில் பிடி செருகத் துளை இருக்குமே, சீனாவின் சௌ அரசர் காலத்துப் பழைய காசுகளிலும் அப்படியே உள்ளே வெறுமையான கழுத்து இருக்கும். நிலம் கொத்தும் கருவியே காசின் அச்சாக மாறியதன் அடையாளம் அது. வார்க்கும்போது உள்ளே வைத்த களிமண் சிலவற்றில் இன்னும் இறுகிக் கிடக்கும், அதைக் குத்தி எடுக்கவேண்டாம். கழுத்து தட்டையாக இருந்தால் பின்வந்த ஹான், சாவோ, வெய் நாடுகளின் வகையாக இருக்கலாம். கி.மு. 221இல் சின் அரசு நாட்டை ஒன்றாக்கியதும் இந்த வடிவம் வழக்கொழிந்து, சதுர ஓட்டை போட்ட வட்டக் காசு பரவியது.

தலையில் வட்டத் துளையும், வலமும் இடமும் ஒவ்வொரு எழுத்துமாக இருந்தால் அது சீனப் பேரரசர் வாங் மாங் கி.பி. 14இல் திரும்பக் கொண்டுவந்த 'ஹுவோ பு' வடிவம். வலப்பக்க எழுத்து 'ஹுவோ', இடப்பக்கம் 'பு'. 25 சிறு காசுக்குச் சமம் என்று மதித்தார்கள். எனக்கு இதன் நீண்ட இரு கால்கள்தான் மிகவும் பிடிக்கும்.

அடுத்தது, ஏறியிருக்கும் பச்சை அசலா என்று பார்ப்பது. அசிட்டோன் என்ற கரைப்பான் தொட்ட பஞ்சால் ஓரத்தில் மெல்ல ஒற்றுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அது பூசினது. ஏறாவிட்டாலும் உடனே அசல் என்று முடிவுகட்டாதீர்கள். பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், புது அரத்தின் கோடு பளிச்சென்று தெரிந்தால் வாங்காதீர்கள்.

கல்லடியில் எங்கள் வீடு வாவிக்கும் கடலுக்கும் நடுவில். உப்புக்காற்றும் மாரி ஈரமும் வெண்கலத்துக்குப் பகை. பீவீசீ பிளாஸ்டிக் உறை வேண்டாம். இறுக்கமான டப்பாவில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள், மாரியில் அடிக்கடி மாற்றுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்திருந்தால் குளோரைடு அரிக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் காசை அன்றே எடுத்துத் தனி டப்பாவில், புதுப் பொட்டலத்தோடு வையுங்கள்.