எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் மலச்சிக்கல்: முதலில் தண்ணீர், அப்புறம்தான் நார்ச்சத்து

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தையலைப் பற்றிப் பேசுவார்கள், முடி கொட்டுவதைப் பற்றிப் பேசுவார்கள். மோஷன் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் நடந்த மூன்றாவது வாரம், ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். "ரெண்டு பூவன்பழம் சாப்பிடும்மா, தானா போயிடும்" என்றார் மாமியார். அரைப் பழத்துக்கு மேல் எனக்கு இறங்கவே இல்லை.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். உள்ளே போவது கொஞ்சம். அதிலும் முட்டை, மீன், பன்னீர் என்று புரதத்துக்கே முதலிடம். தண்ணீரைக் கடகடவென்று குடிக்க முடியாது. உடம்பில் நீர் குறைந்தால் பெருங்குடல் மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். இந்த நிலையில் தண்ணீரைக் கூட்டாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால், காய்ந்த மாவில் இன்னும் கொஞ்சம் தவிடு கொட்டிய கதைதான். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

படி 1: இது மலச்சிக்கல்தானா?

முன்பு நான்கு இட்லி சாப்பிட்டவர் இப்போது ஒன்றைச் சாப்பிட்டால் மலமும் குறையத்தான் செய்யும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, சிரமமில்லாமல், மெத்தென்று போனால் கவலை வேண்டாம். வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, ஆட்டுப்புழுக்கை மாதிரி உருண்டையாக வருவது, முக்க வேண்டியிருப்பது, போன பிறகும் பாதி உள்ளேயே நிற்பது போல இருப்பது, இவைதான் மலச்சிக்கல். ஒரு நோட்டில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நாள், எப்படி இருந்தது, எவ்வளவு தண்ணீர், என்னென்ன மாத்திரை.

படி 2: எப்போது வீட்டு வைத்தியம் கூடாது

வயிறு உப்பி, கடும் வலியோடு வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடல் அடைபட்டிருக்கலாம். பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கும் இன்னொரு வகை எடை குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்களுக்கு, ஆபரேஷன் முடிந்து சில வருடம் கழித்துக்கூட உள்ளே குடல் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கருப்பாகப் போவது சகஜம். ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது ரத்தமாக இருக்கலாம். சிவப்பாக ரத்தம் வந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

படி 3: தண்ணீர்

பெரும்பாலும் இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. (சிறுநீரகம், இதயம் சரியில்லாதவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.) கேட்கும்போது மலைப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. அப்புறம் இருமல் மருந்து பாட்டில் மூடியை எடுத்து அளந்து பார்த்தேன். ஒரு மிடறு சுமார் 15 மில்லி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்றால் மணிக்கு 180 மில்லி. பத்து மணி நேரத்தில் 1.8 லிட்டர் வந்துவிடுகிறது!

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், சாப்பிட்டு அரை மணி கழித்துத் தொடங்குங்கள். சோறும் தண்ணீரும் சேர அந்தச் சின்னக் குழாயில் இடம் கிடையாது. இன்னொன்று, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கத்திரி வெயிலில் எங்கள் பக்கம் விசிறியடியில் உட்கார்ந்திருந்தாலே சட்டை நனைந்துவிடும். குடித்ததில் பாதி வேர்வையாகவே போய்விடும். நீர்மோர், வடிகட்டிய ரசம், இளநீர் எல்லாமே கணக்கில் சேரும். சோடா, பாக்கெட் ஜூஸ் வேண்டாம்.

படி 4: மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மலத்தை இறுக்குவதில் இரும்புச்சத்து மாத்திரைக்கு முக்கியப் பங்கு உண்டு. கால்சியம் கார்பனேட்டும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்த புதிதில் கொடுக்கும் டிரமடால் போன்ற வலி மாத்திரையும், வாந்தியை நிறுத்தும் ஆன்டன்செட்ரானும்கூடக் குடலை மந்தமாக்கும். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரும்பும் கால்சியமும் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுளுக்கும் தேவைப்படலாம். டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "கால்சியம் கார்பனேட்டுக்குப் பதிலாக சிட்ரேட் எடுக்கலாமா? இரும்பு மாத்திரையில் வேறு வகை இருக்கிறதா?" சிட்ரேட் மலத்தை அவ்வளவாக இறுக்காது, ஆபரேஷன் ஆன வயிற்றில் நன்றாகச் சேரவும் செய்யும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள்.

படி 5: இப்போது நார்ச்சத்து

திரவ உணவு, கூழ் உணவு கட்டங்கள் முடிந்து, டாக்டரோ டயட்டீஷியனோ சரி சொன்ன பிறகுதான் இந்தப் படி. புரதத்தைச் சாப்பிட்டுவிட்டு மிச்ச இடத்துக்குக் காய். குழைய வேகவைத்த கீரை, சுரைக்காய், பீர்க்கங்காயில் தொடங்கலாம். பிறகு பாசிப்பயறு. வேகவைத்த பயறு 100 கிராமில் சுமார் 7 கிராம் நார் இருக்கிறது, புரதமும் கூடவே வருகிறது. 100 கிராம் கொய்யாவில் 5 கிராம். எல்லோரும் தூக்கிவைத்துப் பேசும் பப்பாளியில் 2 கிராம்கூட இல்லை. பெரியவர்களுக்கு நாளைக்கு 25 கிராம் தேவை. அதை எட்ட மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். ஒரே வாரத்தில் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும்.

முருங்கைக்காய், வாழைத்தண்டு, ஆரஞ்சு சுளையின் தோல் போன்ற சக்கையான நாரைத் தள்ளி வையுங்கள். வயிற்றில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளலாம். பண்ருட்டிப் பலா சீசனில் தெருவெல்லாம் மணக்கும், கை சும்மா இருக்காது. ஒரு சுளை, நன்றாக மென்று. பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த இனிப்பே படபடப்பையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்துவிடலாம்.

தண்ணீரில் கலந்து குடிக்கும் நார்ச்சத்துப் பொடியான இசப்கோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் மாட்டிக்கொண்டது அதில்தான். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலந்தேன். மற்றவர்கள் அதை ஒரே மூச்சில் குடித்துவிடுவார்கள். நம்மால் முடியுமா? நான்காவது மிடறுக்குள் டம்ளரில் இருந்தது ஜெல்லி மாதிரி ஆகிவிட்டது. மிச்சத்தை ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டேன், வீணாக்கக் கூடாதாம். அரை மணி நேரம் நெஞ்சுக்குழியில் கல் வைத்தாற்போல இருந்து, கடைசியில் எல்லாம் வாயாலேயே வெளியே வந்தது. இசப்கோல் கெட்டது அல்ல. ஒரு டம்ளர் தண்ணீரை இறுகுமுன் குடித்து முடிக்க முடிகிறவர்களுக்கானது அது. ஆபரேஷன் ஆன புதிதில் வேண்டவே வேண்டாம். பின்னால் டாக்டர் சொன்னால் அரை ஸ்பூனில் தொடங்குங்கள்.

படி 6: உட்காரும் விதமும் நடையும்

காலையில் முதலில் ஏதாவது சாப்பிட்ட அரை மணிக்குள் குடல் தானாக அசையும். அந்த நேரத்தை விடாமல் தினமும் போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு முக்காலி போடுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்க வேண்டும், லேசாக முன்னால் சாய வேண்டும். நாங்கள் பழைய மனைப்பலகைகள் இரண்டை அடுக்கி வைத்திருக்கிறோம். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், செல்போனை வெளியே வைத்துவிடுங்கள்.

நடைக்குப் புதுச்சேரிக்காரர்களுக்குக் குறையே இல்லை. மாலை 6 முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. எங்களுக்கு சில்வர் பீச். தினமும் அரை மணி நேரம் போதும்.

படி 7: மருந்து

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் மருந்து கேட்பதில் வெட்கம் எதற்கு? பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடர் நமக்கு வசதி. தண்ணீரில் கரைந்துவிடும், இறுகாது, மெல்ல மெல்லக் குடிக்கலாம். வேலை செய்ய ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். முதல் நாளே போகவில்லை என்று இரட்டிப்பாக்காதீர்கள். லாக்டுலோஸ் சிரப் சிலருக்கு வாயுவைக் கிளப்பும். பிசாகோடைல் எப்போதாவது இரவு போட்டால் காலையில் போகும். டாக்டர் சொல்லாமல் தினமும் பழக்கமாக்க வேண்டாம். விளக்கெண்ணெய், நிலாவாரைப் பொடியும் குடலை விரட்டுகிற மருந்துகள்தான். ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பில் பேதியானால் தலைசுற்றி விழ வேண்டியதுதான்.

மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அந்த நோட்டோடு உங்கள் சர்ஜனைப் பாருங்கள். தைராய்டு, ரத்தத்தில் கால்சியம் அளவு பார்க்கச் சொல்லலாம். சிலருக்கு மலம் மெத்தென்று இருந்தும், ஆசனவாய்த் தசை தளர வேண்டிய நேரத்தில் இறுகிக்கொள்ளும். அதற்கு மருந்தைவிடத் தசைப் பயிற்சிதான் பலன் தரும்.

அப்புறம் ஒன்று, பெண்களுக்கு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் வழியில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்று பயந்து, காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாமல் கிளம்புகிறவர்கள் நாம். ஃபாலோ-அப்புக்குப் போகும் நாளிலேயே நான் அப்படிச் செய்திருக்கிறேன். என் நோட்டில் எண்கள் சரிந்த நாட்களைப் பார்த்தால் பாதி பஸ் ஏறிய நாட்கள். இப்போது கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து குடிக்கத் தொடங்கி, வீட்டிலேயே போய்விட்டுப் புறப்படுகிறேன். பஸ்ஸில் பாட்டில் மடியில்தான்.