ஸ்லீவா, பைபாஸா? வன்னியில் இருந்து யோசிப்பவர்களுக்கு

பள்ளிக்கூட வாசலில், சந்தையில், கிளினிக் வாங்கில், எங்கே மறித்தாலும் ஒரே கேள்விதான்: "ரீச்சர், எத்தனை கிலோ குறைஞ்சது?" 36 கிலோ என்று சொன்னதும் அடுத்தது வரும்: "அப்ப நானும் உங்களைப்போல பைபாஸே செய்யட்டோ?" அந்த இடத்தில்தான் ஆளைப் பிடித்து உட்கார வைப்பேன். நிறை குறைக்க இரைப்பையில் செய்யும் சத்திரசிகிச்சைகள்தான் இவை. எனக்குச் செய்தது பைபாஸ். என் மச்சாளுக்குச் செய்தது ஸ்லீவ். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியர், ஒரே கொழும்பு வைத்தியசாலை. எதில் கிலோ கூடக் குறையும் என்று மட்டும் பார்த்திருந்தால் மச்சாளும் பைபாஸ்தான் கேட்டிருப்பாள். அது அவளுக்குப் பெரிய பிழையாகப் போயிருக்கும்.

முல்லைத்தீவுப் பக்கம் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். 2019இல் என் நிறை 118 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர். நிறையை உயரத்தின் மீற்றர் கணக்கால் இரண்டு தரம் பிரித்தால் வருவதுதான் பிஎம்ஐ. எனக்கு 47 வந்தது. முன்பு பிஎம்ஐ 40, அல்லது வேறு வருத்தங்களோடு 35 என்றால்தான் இந்தச் சத்திரசிகிச்சை என்று சொல்வார்கள். 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டல் அதைக் குறைத்துவிட்டது. எங்களைப் போன்ற ஆசிய உடம்புக்காரர் 27.5இலிருந்தே வைத்தியரோடு இதைப் பற்றிக் கதைக்கலாம். ஒரு விஷயம் எங்கள் பக்கத்துக்கு முக்கியம். கால் இழந்தவர்கள் தராசு காட்டும் நிறையை அப்படியே போட்டுக் கணக்குப் பார்த்தால் பிஎம்ஐ குறைவாகத்தான் வரும். அதைத் திருத்திக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். நிறை இறங்க இறங்கச் செயற்கைக் கால் தளர்ந்துகொண்டு வரும், திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதையும் முதலே தெரிந்து வைத்திருங்கள்.

சரி, என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம்போல ஒரு ஒடுங்கிய குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் வெட்டிய துண்டோடு போய்விடுவதால் பசியும் அடங்கும். குடலில் கை வைப்பதில்லை. ஆனால் வெட்டியது வெட்டியதுதான், திருப்பி வைக்க முடியாது.

பைபாஸ் என்றவுடன் எங்கள் வீட்டில் எல்லாரும் இருதயம் என்று நினைத்து அழத் தொடங்கிவிட்டார்கள். இது வேறு. இரைப்பையின் மேல்முனையில் இரண்டு மேசைக்கரண்டி கொள்ளுமளவுக்கு, அதாவது 30 மில்லிலீற்றர் வரையில், சின்னப் பை ஒன்றைப் பிரித்தெடுத்துக் குடலின் கீழ்ப் பகுதியைக் கொண்டுவந்து அதோடு பொருத்துவார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயேதான் இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியால் போகாது. அப்பாவுக்கு நான் இரணைமடு வாய்க்காலைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தினேன். மேல்வயலை விட்டுவிட்டுத் தண்ணீரை நேரே கீழ்வயலுக்குத் திருப்பினால் எப்படியோ அப்படி. அந்த விடுபட்ட மேல்வயலில்தான் இரும்பும் கல்சியமும் கூடுதலாக உறிஞ்சப்படுகின்றன. பைபாஸ் செய்தவர் ஆயுள் முழுக்கக் குளிசை போடுவது அதனால்தான்.

மினி பைபாஸ் என்பதில் வழக்கமான பைபாஸின் இரண்டு பொருத்துக்குப் பதிலாக ஒரே ஒரு பொருத்துதான், நேரம் குறைவு. ஆனால் பித்தம் மேலே ஏறி வரும் வாய்ப்பு இருக்கிறது. ஸ்லீவோடு குடலின் பெரும்பகுதியையும் விடுபட வைக்கும் டியூடினல் ஸ்விட்ச் எல்லாவற்றையும்விட நிறை குறைக்கும், சத்துக் குறைபாடும் அதில்தான் ஆகக் கூட. அடிக்கடி இரத்தம் சோதிக்க வசதியில்லாத இடத்தில் இருந்துகொண்டு அதற்குப் போகவேண்டாம் என்பது என் எண்ணம். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் "பாண்ட் போடுங்கோ, கழற்றலாம்" என்றார். இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போடும் வளையம்தான் பாண்ட். அது நழுவும், இரைப்பைச் சுவரை அரிக்கும், அடிக்கடி போய் இறுக்கித் தளர்த்த வேண்டும். இப்போது அதைப் போடுவது நன்றாகக் குறைந்துவிட்டது. இரைப்பைக்குள் வைக்கும் பலூன் ஒரு சத்திரசிகிச்சையே அல்ல. பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், பிறகு நிறை ஏறுவதும் சாதாரணம். எனக்கு முதலில் ஒரு தனியார் இடத்தில் "எல்லாம் ஒண்டுதான், இது மலிவு" என்று சொல்லி முற்பணம் கேட்டார்கள். நெஞ்செரிவு இருக்கிறதா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத இடத்தில் காசு கட்டாதீர்கள்.

ஏனென்றால் ஸ்லீவா பைபாஸா என்று பிரிக்கும் முதல் கேள்வியே அதுதான். இரவு படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறதா? எனக்கு வந்தது. மூன்று தலையணை வைத்துத்தான் படுப்பேன். ஸ்லீவ் செய்தால் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் கூடி நெஞ்செரிவு மோசமாகலாம், இல்லாதவருக்குப் புதிதாகவும் வரலாம். பைபாஸில் பெரும்பாலும் அது அடங்கும். கமராக் குழாய் விட்டுப் பார்த்தபோது என் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது. வைத்தியர் அந்தப் படத்தைக் காட்டி, "இதோட ஸ்லீவ் செய்ய மாட்டன்" என்றார். அந்தச் சோதனை இல்லாமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். இரைப்பையில் புண்ணாக்கும் ஹெலிகோபக்டர் கிருமி இருந்தால் அதையும் முதலே மருந்து எடுத்து அழித்துவிட வேண்டும்.

அடுத்தது சீனி வருத்தம். எனக்குப் பதினொரு வருடம், காலையும் மாலையும் இன்சுலின். இரண்டு ஓப்பரேஷனும் சீனியைக் குறைக்கும். கடுமையான சீனிக்குப் பைபாஸ் கொஞ்சம் முன்னுக்கு நிற்கிறது. முழுதாக மாறிவிடும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். வருத்தம் வந்து சில வருடமே ஆனவர்களுக்கு அந்த வாய்ப்புக் கூட. என்னைப்போல நெடுங்காலம் இன்சுலின் போட்டவர்களுக்குக் குறைவு. எனக்கு இன்சுலின் நின்றுவிட்டது, மெற்போமின் குளிசை ஒன்று இன்னும் போகிறது. ஓப்பரேஷன் முடிந்த கிழமையே மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். பழைய அளவைப் போட்டால் சீனி இறங்கி மயங்கி விழுவீர்கள்.

இனி மச்சாளின் கதை. 2009இல் ஷெல் பட்டு வயிற்றைத் திறந்து குடல் தைத்தவள். தொப்புளுக்கு மேலும் கீழுமாக நீளத் தழும்பு. எங்கே வெட்டினார்கள், எவ்வளவு குடல் எடுத்தார்கள் என்று எழுதிய கார்ட் இடப்பெயர்வில் போய்விட்டது. இப்படி எத்தனை பேர் எங்கள் பக்கம்! பழைய ஓப்பரேஷன் வயிற்றுக்குள் குடலை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். அதைப் பிரித்தெடுத்துப் புது வழி போடுவது கடினம், ஆபத்தும் கூட. ஸ்லீவ் வேலை மேல்வயிற்றோடு நின்றுவிடும். அதோடு அவளுக்கு முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக் இல்லாமல் ஒரு கிழமை ஓடாது. பைபாஸ் செய்தவர் டைக்ளோபெனக், புரூபன் வகைகளைத் தொடவே கூடாது, பொருத்திய இடத்தில் புண் வந்து இரத்தம் கசியும். ஸ்லீவிலும் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் அங்கே ஆபத்துக் குறைவு. அவளுக்கு நெஞ்செரிவும் இல்லை. சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு ஸ்லீவ் என்று முடிவு செய்தார்கள். ஆகவே, உடம்பில் பழைய காயம் இருந்தால் தழும்பைக் காட்டுங்கள், உள்ளே ஷெல் துண்டு இருந்தால் சொல்லுங்கள். கேட்டால் சொல்வோம் என்று இருக்க வேண்டாம். சிகரெட், சுருட்டு இருந்தால் அதையும் மறைக்காதீர்கள், அதுவும் பைபாஸ் பொருத்தில் புண்ணாக்கும். குடிக்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஓப்பரேஷனுக்குப் பிறகு மது மிக வேகமாக இரத்தத்தில் ஏறும்.

இப்போது தூரம். இங்கிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரைப்பையில் ஸ்ரேப்ளர் போட்ட இடம் கசிந்தால் அது வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவரலாம். நாடி வேகமாக அடிப்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று நோவு, இடது தோள் நோவு, மூச்சு முட்டல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நான் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு கிழமை தங்கிவிட்டுத்தான் கிளிநொச்சிக்கு ரயில் ஏறினேன். பஸ்ஸைவிட ரயில் நல்லது, மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கலாம். காலில் இரத்தம் கட்டாமல் இருக்க அது வேண்டும். சென்னைக்குப் போய்ச் செய்ய நினைப்பவர்கள், திரும்பி வந்தபின் யார் பார்ப்பது என்று முதலே ஒரு வைத்தியரிடம் பேசி வைத்துவிட்டுப் போங்கள்.

தூரத்தோடு சேர்ந்ததுதான் குளிசைக் கதையும். பல்விற்றமின், இரும்பு, கல்சியம், விற்றமின் டி, பி12 எல்லாம் பைபாஸுக்கு ஆயுள் முழுக்க. ஸ்லீவ் செய்தவர்களும் எடுக்க வேண்டும், ஆனால் ஒரு மாதம் தவறினால் வரும் சேதம் பைபாஸில் கூட. 2022இல் பெற்றோலுக்கு வரிசை, பாமசியில் மருந்து இல்லை. எனக்குப் பி12 ஊசி மாதக் கணக்கில் தவறிப்போய் இரண்டு பாதமும் விறைத்துவிட்டன. பிறகு ஊசி தொடங்கித்தான் மெல்ல மெல்லத் தேறியது. இதை நான் யாருக்கும் மறைப்பதில்லை. குளிசைக்கு மாதாமாதம் காசு ஒதுக்க முடியுமா, வருடத்துக்கு ஒருதரமாவது இரத்தம் சோதிக்கப் போவீர்களா என்று உங்களையே கேளுங்கள். முடியாது என்று தோன்றினால், நெஞ்செரிவும் இல்லையென்றால், ஸ்லீவ் பக்கம் யோசிப்பது புத்தி. இன்னொன்று, இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போட வேண்டாம், இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புக்குப் பின்னால் உடனே பிளேன் ரீயும் வேண்டாம்.

பிள்ளை பெற இருக்கும் தங்கைமார் எதைச் செய்தாலும் 12 முதல் 18 மாதம் பொறுக்க வேண்டும். நிறை குறையும்போது கர்ப்பம் தரிப்பது முன்பைவிட எளிதாகும், அதனால் தடுப்பு முறையை முதலே பேசிக்கொள்ளுங்கள். பைபாஸ் செய்தவருக்குக் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், வேறு வழி கேளுங்கள்.

இனிப்பில் மனம் போகிறவர்களுக்கும் ஒரு சொல். வற்றாப்பளை அம்மன் பொங்கலில் பிரசாதமாக இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றோட்டமும் வந்துவிட்டது. பைபாஸில் சீனி நேரே குடலுக்குள் இறங்குவதால் வருவது அது. ஸ்லீவில் அப்படி வருவது குறைவு, அதனால் சோடாவும் ஐஸ்கிறீமும் சத்தமில்லாமல் இறங்கும். மச்சாளுக்கு இரண்டாம் வருடத்தில் ஆறு கிலோ திரும்பி ஏறியது அப்படித்தான். உடம்பே தடுத்தால்தான் நிற்பேன் என்கிறவர் அதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், அதுவும் முடிவில் ஒரு பங்கு.

கிலோக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவில் மொத்த நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, பைபாஸில் அதைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்துக்காக மேலே சொன்னவற்றை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எதைச் செய்தாலும் முதல் இரண்டு கிழமை தண்ணிச் சாப்பாடு, பிறகு அரைத்தது, பிறகு மென்மையானது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணித்தியாலம் விட வேண்டும். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். நான் முதலில் குளத்து மீனையும் முட்டையையும் பருப்பையும் முடித்துவிட்டுத்தான் புட்டைத் தொடுவேன், பெரும்பாலும் புட்டுக்கு இடமே இருக்காது. மூன்றாம் மாதமளவில் தலைமயிர் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். ஆனால் ஓயாமல் சத்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அப்படிச் சத்தி எடுத்துத் தயமின் என்ற விற்றமின் பி1 குறைந்தால் மூளையைப் பாதிக்கும்.

வெளியேறும்போது தரும் கார்டில் எந்த ஓப்பரேஷன், எந்தத் திகதி, பைபாஸ் என்றால் எவ்வளவு குடல் விடுபட்டது என்றெல்லாம் எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்குக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உங்களைப் பார்க்கும் இளம் வைத்தியருக்கு அதுதான் வழி காட்டும். மச்சாளின் 2009 கார்டுக்கு நடந்ததை நினைத்து, என்னுடையதைப் படம் எடுத்து என் போனிலும் மகளின் போனிலும் வைத்திருக்கிறேன். சுவிஸில் இருக்கும் தம்பியின் வட்ஸப்பிலும் ஒன்று இருக்கிறது.