பழைய கான்கிரீட் மாடிக்கு மெல்லிய தரை: முதலில் வாசற்படியை அளந்து பாருங்கள்

டைல்ஸ் கடையில் நிறம் பார்ப்பதெல்லாம் பிறகு. மாடிக் கதவைத் திறந்து, வாசற்படியின் மேல்விளிம்புக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். கிடைத்த சிறிய அளவில் 20 மி.மீ. படிக்கு ஒதுக்குங்கள், அதற்குக் கீழே போனால் சுமத்ரா காற்றோடு (மேற்கிலிருந்து அடிக்கும் பலத்த காற்று) வரும் விடிகாலை மழை அறைக்குள் வந்துவிடும். மீதிதான் உங்கள் தரையின் மொத்தத் தடிமன். தரை உயர்ந்தால் கைப்பிடித் தடுப்பு குள்ளமாகும் என்பதையும் பாருங்கள்: புதுத் தரையிலிருந்து 1 மீட்டராவது இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு பால்கனி என்றால் சிமெண்ட் பூச்சும் டைலும் சேர்ந்து 50 மி.மீ. தாண்டக்கூடாது.

மெல்லிய தரை எதையும் மறைக்காது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அரைமணி கழித்தும் குட்டை நின்றால் வாட்டம் சரியில்லை; மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் வடிகுழியை நோக்கிச் சாய வேண்டும். சுத்தியலால் தட்டி, பொள்ளலாகக் கேட்கும் இடங்களைக் கொத்தி நிரப்புங்கள். கீழ் அறைக் கூரையில் ஈரக்கறை இருந்தால் நீர்க்காப்பைப் புதுப்பித்து, வடிகுழியை அடைத்து 24 மணி நேரம் நீர் நிறுத்திப் பார்த்த பிறகே மற்றது.

மீதி 5 மி.மீ.தான் என்றால் பூச்சுதான் வழி. எபாக்சி வெயிலில் மஞ்சளாகிப் பொடி உதிரும், வெளியிடத்துக்கு ஆகாது. வெயில் தாங்கும் பாலியூரித்தேன் 2 மி.மீ. போதும். ஆனால் கான்கிரீட்டில் ஈரம் இருந்தால் கொப்புளம் கிளம்பும். 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரமாவது விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. காலை வெயிலில் பூசினால் சூடேறும் கான்கிரீட் காற்றை வெளியே தள்ளி ஊசித்துளை விழும். வெயில் இறங்கியபின், மேலே கேன்வாஸ் கட்டிப் பூசுங்கள்.

12 மி.மீ. கிடைத்தால் 6 மி.மீ. போர்சலின் டைல் நல்ல தேர்வு. வழுக்காத தரம் ஆர்11க்குக் குறையாமல் கேளுங்கள். ஒட்டுவதற்கு வெளியிடத்துக்கான, நெகிழ்வுள்ள பசை வேண்டும்; வெறும் சிமெண்ட் சாந்தில் மெல்லிய டைல் நிற்காது. 10 மி.மீ. பல் உள்ள கரணையால் பசையைத் தரையில் இழுத்து, டைலின் முதுகிலும் தடவுங்கள். சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ பிடிக்கும். 12 சதுர மீட்டருக்கு 20 கிலோ மூட்டை நான்கு. முதல் டைலை உடனே பெயர்த்துப் பாருங்கள்: முதுகு முழுக்கப் பசை இல்லாவிட்டால் அந்த வெற்றிடத்தில் நீர் தேங்கும், நாற்காலிக் கால் பட்டதும் டைல் விரிசல் விடும். டைல்களுக்கு இடையே 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். மூன்று மீட்டருக்கு ஒருமுறையும் சுவரோரத்திலும் நெகிழும் சீலன்ட் வையுங்கள். டைல் நண்பகல் வெயிலில் விரியும், மழை விழுந்ததும் சட்டென்று சுருங்கும்; விரிவதற்கு இடமில்லாவிட்டால் வரிசையாகக் கூடாரம் போல் எழும்பிவிடும்.

25 மி.மீ. இருந்தால், பசையே இல்லாமல் கோத்துக்கொள்ளும் பலகை டைல் போடலாம். அவசரத்துக்கு இதுவே எளிது. ஆனால் அடியில் இலையும் மண்ணும் சேர்ந்து நீர் நின்றால் ஒரு வாரத்திலேயே டெங்கிக் கொசு உருவாகிவிடும். வாரம் ஒருமுறை வடிகுழி அருகிலுள்ள இரண்டு வரிசையைக் கழற்றிக் கழுவுங்கள். செய்ய மனமில்லை என்றால் இதை வாங்காதீர்கள்.