படம் எதைச் சொல்ல வேண்டும், சொல் எதைச் சொல்ல வேண்டும்?

அறிக்கைக்கோ உரைக்கோ படம் சேர்க்க வேண்டும் என்றதும் பலரும் உடனே படத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. படிப்பவர் மனத்தில் நிற்க வேண்டிய செய்தியை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியம் கிடைக்கவில்லை என்றால் எந்தப் படமும் உதவாது. கிடைத்துவிட்டால், அதில் எந்தப் பகுதியைப் படத்திடம் விடலாம், எதைச் சொல்லிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் தானே தெளிவாகும்.

இடம், வடிவம், ஏற்ற இறக்கம், ஓர் உறுப்பு இன்னோர் உறுப்போடு பொருந்தும் விதம் ஆகியவற்றைச் சொல்லால் விளக்கப் பத்து வரிகள் தேவைப்படும். படம் ஒரே பார்வையில் காட்டிவிடும். காரணம், நிபந்தனை, விதிவிலக்கு ஆகியவை அப்படியல்ல. அவற்றைச் சொல்தான் சொல்ல முடியும். 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ செய்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இறப்பு நேர்ந்த வீடுகளில் சிறு கோடுகளை அடுக்கி அவர் வரைந்த வரைபடத்தில், பிராட் தெருவில் இருந்த தண்ணீர் அடிகுழாயைச் சுற்றியே கோடுகள் நெருங்கி நின்றன. ஆனால் அருகிலேயே இருந்த ஏழையர் இல்லத்தில் இறப்பு மிகக் குறைவு. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது குழப்பமாகவே இருக்கும். அந்த இல்லத்துக்குத் தனிக் கிணறு இருந்தது என்று அவர் எழுத்தில் விளக்கியபோதுதான், முரணாகத் தெரிந்த அந்த இடமே, அடிகுழாயின் தண்ணீர்தான் நோயைப் பரப்பியது என்ற அவருடைய வாதத்துக்குச் சான்றாக மாறியது.

எண்களைக் காட்டும்போது, காலப்போக்கில் நேரும் மாற்றத்துக்குக் கோட்டு வரைபடமும், பொருள்களை ஒப்பிடுவதற்குப் பட்டை வரைபடமும், துல்லியமான மதிப்புகளைத் தேடி எடுப்பதற்கு அட்டவணையும் பொருந்தும். வட்ட வரைபடத்தை இரண்டு மூன்று பங்குகளுக்கு மேல் பயன்படுத்தாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து. பொது அளவுகோலில் நிற்கும் நீளங்களை ஒப்பிடும் அளவுக்குக் கோணங்களையும் பரப்புகளையும் நம் கண்ணால் சரியாக மதிப்பிட முடிவதில்லை. ஆரம் இரு மடங்கானால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகிவிடும் என்பதால், அளவை வட்டங்களின் ஆரத்தால் காட்டுபவர்கள் தம்மை அறியாமலே வேறுபாட்டை ஊதிக் காட்டிவிடுகிறார்கள்.

பட்டை வரைபடத்தின் அளவுகோல் சுழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 95, 98 என்னும் இரு மதிப்புகளை 90-இலிருந்து தொடங்கும் அளவுகோலில் வரைந்தால், பட்டைகளின் உயரம் 5-க்கு 8 என்றாகிவிடும். உண்மையான வேறுபாடோ மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. படிப்பவர் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே உயரத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். உயரம் உண்மையைக் காட்டுகிறது என்ற அவருடைய நம்பிக்கையை நாம் கெடுக்கக் கூடாது. கோட்டு வரைபடத்துக்கு இந்த விதி அவ்வளவு கண்டிப்பானதல்ல.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது படத்தின் மீதும் அருகிலும் எழுதப்படும் சொற்களைப் பற்றி. ஓர் அலுவலகத்தின் மின்நுகர்வைக் காட்டும் வரைபடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். “படம் 3: மாதவாரி மின்நுகர்வு” என்ற தலைப்பு, எதைப் பார்ப்பது என்ற வேலையைப் படிப்பவர் தலையில் கட்டிவிடுகிறது. “புதிய குளிரூட்டி வந்த ஏப்ரல் முதல் மின்நுகர்வு இரு மடங்கு” என்று எழுதினால், அவர் கண் நேராக ஏப்ரலுக்குப் போகும். அந்த மாதத்தின் மேலேயே ஒரு சிறு கோடிழுத்துக் “குளிரூட்டி பொருத்தப்பட்டது” என்றும் குறித்துவிடுங்கள். கோடுகள் பலவாக இருந்தால், ஓரத்தில் வண்ண விளக்கப் பெட்டி வைப்பதைவிட ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் அதன் பெயரை எழுதுவது மேல். பெட்டிக்கும் கோட்டுக்கும் இடையே கண் அலையும் ஒவ்வொரு முறையும் படிப்பவரின் கவனம் சிதறுகிறது. படத்தை விளக்கும் பத்தி அடுத்த பக்கத்துக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறைப் படங்களில் பார்வைக் கோணம் முக்கியம். செய்பவரின் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்தே படம் இருக்க வேண்டும். எதிரே நின்று எடுத்த படத்தில் இடமும் வலமும் மாறி, திருகாணியை எந்தப் பக்கம் சுழற்றுவது என்ற ஐயம் எழும். ஒரு படத்துக்கு ஒரு செயல் போதும். அந்தச் செயலுக்குத் தொடர்பில்லாத பின்னணியை மங்கலாக்கலாம், அல்லது கோட்டோவியமாக வரைந்துவிடலாம். இத்தகைய இடங்களில் புகைப்படத்தைவிடக் கோட்டோவியமே பெரும்பாலும் தெளிவாக இருக்கும். எச்சரிக்கையை மட்டும் படத்தின் அடியில் போடாமல், செயலுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வண்ணத்தை மட்டும் நம்பிப் பொருளை வேறுபடுத்தாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக இருக்கிறார்கள். புள்ளிக்கோடு, குறியீடு, நேரடிப் பெயர் ஆகியவற்றில் ஒன்றையாவது வண்ணத்தோடு சேர்த்தால் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் செய்தி தப்பாது. இணையத்தில் வெளியிடும்போது, திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்களுக்காக, படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரையும் தேவை. அதில் “ஒரு வரைபடம்” என்று எழுதினால் போதாது. நீங்கள் முதலில் எழுதிக்கொண்ட அந்த ஒற்றை வாக்கியத்தையே அங்கே எழுதலாம்.

எல்லாம் முடிந்தபின், பொருள் அறியாத ஒருவரிடம் படத்தைச் சில நொடிகள் காட்டி மறைத்துவிட்டு, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் வாக்கியத்தோடு பொருந்தவில்லை என்றால், வாய்மொழியாக விளக்கத் தொடங்காமல் அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு, படத்தின் எந்தப் பகுதி அவரை அங்கே கொண்டுபோனது என்று தேடித் திருத்துங்கள்.