பைக்கின் ரைடிங் மோடுகளை ஓட்டிப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி?

ஸ்போர்ட், அர்பன், ரெயின், டிராக் என்று மீட்டரில் மாறி மாறித் தெரியும் பெயர்களைப் பார்த்துவிட்டு, ஸ்போர்ட் என்றால் வேகம், ரெயின் என்றால் மந்தம் என்று முடிவுகட்டும் புதியவர்கள் அதிகம். அந்த எண்ணத்தோடு சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டிப் பார்க்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாமல் போகவே, எல்லாம் விளம்பரத்துக்குத்தான் என்று சொல்லி அந்தப் பொத்தானையே மறந்துவிடுகிறார்கள். இரண்டு முடிவுகளும் அவசரத்தில் எடுத்தவை. மோட் மாற்றும்போது முதலில் மாறுவது, வலது மணிக்கட்டை எவ்வளவு திருப்பினால் பின்சக்கரத்துக்கு எவ்வளவு விசை போகும் என்ற கணக்கு. அந்தக் கணக்கை எங்கே, எந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை), எந்த கியரில் தேடினால் கைக்குப் புலப்படும் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தப் பதிவின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக, ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கின் 2020ஆம் ஆண்டு வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். பிஎஸ்6 என்ற புகை மாசு விதிகளுக்கேற்ப மாற்றப்பட்டு வந்த அந்த வடிவத்தில்தான் அதற்கு நான்கு மோடுகளும், ஆக்சிலேட்டரை மின்னணு முறையில் இயக்கும் ரைடு பை வயரும் சேர்ந்தன. உங்களிடம் வேறு பைக் இருந்தாலும் பயிற்சிகள் பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: கையேட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள்

ஒவ்வொரு மோடுக்கும் உச்ச சக்தி எவ்வளவு, உச்ச டார்க் (சுழற்றும் விசை) எவ்வளவு, அவை எந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கின்றன என்று பாருங்கள். 2020 ஆர்ஆர் 310இல் ஸ்போர்ட், டிராக் ஆகிய இரண்டு மோடுகளிலும் 9,700 ஆர்.பி.எம்.மில் 34 பி.எஸ். (குதிரைத்திறன் அலகு) சக்தியும், 7,700 ஆர்.பி.எம்.மில் 27.3 நியூட்டன் மீட்டர் டார்க்கும் கிடைக்கின்றன. அர்பன், ரெயின் மோடுகளில் 7,600 ஆர்.பி.எம்.மில் 25.8 பி.எஸ்., 6,700 ஆர்.பி.எம்.மில் 25 நியூட்டன் மீட்டர். உச்ச வேகமும் 160 கி.மீ.யிலிருந்து 125 கி.மீ.யாகக் குறைகிறது.

இந்த எண்களை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. சக்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது; டார்க் குறைவதோ எட்டு விழுக்காடுதான். சக்தி என்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது என்பதால், எஞ்சின் அதிகம் சுற்றும் இடத்தில்தான் பெரும்பகுதி இழப்பு விழுகிறது. நகரத்தில் 4,000, 5,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டுபவர் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. ஸ்போர்ட்டுக்கும் அர்பனுக்கும் வித்தியாசம் இல்லை என்ற குறை பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி பைக்கிலும் கதை இதுதான்: ஸ்போர்ட்டில் 20.82 பி.எஸ்., அர்பனிலும் ரெயினிலும் 17.32 பி.எஸ்.; ஆனால் டார்க் 17.25இலிருந்து 16.51 நியூட்டன் மீட்டராக மட்டுமே இறங்குகிறது.

இரண்டாம் படி: எதெது மாறுகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

உச்ச சக்தி ஒன்று. ஆக்சிலேட்டரின் கூர்மை இன்னொன்று. இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய பைக்குகளில் ஆக்சிலேட்டர் கேபிள் நேராகப் போய், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியில் இருக்கும் வட்டத் தகட்டைத் திறக்கும். கை கால் பங்கு திருப்பினால் தகடும் அந்த அளவுக்குத் திறந்தே ஆக வேண்டும். ரைடு பை வயரில், கை திருப்பிய அளவை ஒரு சென்சார் படித்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான ஈ.சி.யூ.வுக்குச் சொல்ல, தகட்டை எவ்வளவு திறப்பது என்று ஈ.சி.யூ. முடிவு செய்து ஒரு சிறிய மோட்டார் மூலம் திறக்கிறது. ஆகவே அதே கால் பங்குத் திருப்பலுக்கு ஒரு மோடில் தகடு அகலமாகவும், இன்னொரு மோடில் குறுகலாகவும் திறக்க முடியும். தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான், குழாயின் திருகு மட்டும் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவினையைத் தெளிவாகக் காட்டும் பைக், 2010இல் வந்த டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200. அதில் ஸ்போர்ட், டூரிங் இரண்டிலுமே முழு 150 குதிரைத்திறன் உண்டு. ஆனால் ஸ்போர்ட்டில் அது சட்டென்று வரும், டூரிங்கில் நிதானமாக வரும். அர்பன், எண்டியூரோ மோடுகளில் உச்ச அளவே 100 குதிரைத்திறனாகக் குறைக்கப்படும். அதற்கு முன்பே, 2007இல், சுசுகி தன் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 பைக்கில் ஏ, பி, சி என்று மூன்று தேர்வுகளைக் கொடுத்திருந்தது.

மூன்றாவதாக மாறுவது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். ஆர்ஆர் 310இல் ரெயின் மோடில் ஏ.பி.எஸ். மிக முன்கூட்டியே தலையிடும். டிராக் மோடில் மிகத் தாமதமாக. அர்பனும் ரெயினும் காகிதத்தில் ஒரே சக்தியைக் காட்டினாலும் ஒன்றல்ல என்பதற்கு இதுவும், ரெயினில் ஆக்சிலேட்டர் இன்னும் மென்மையாக வேலை செய்வதும் காரணங்கள். பெரிய பைக்குகளில் இவற்றோடு, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஆக்சிலேட்டரை மூடும்போது வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கிங், சஸ்பென்ஷன் ஆகியவையும் சேர்ந்து மாறலாம்.

மூன்றாம் படி: ஓட்டும் முன் பைக்கைச் சரிபாருங்கள்

செயின் தொய்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஒரு அடி விழும். அதைப் புதியவர்கள் ஸ்போர்ட் மோடின் முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள். செயினின் கீழ்ப்பக்க நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, தொய்வு கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். டயர் காற்றையும் குளிர்ந்த நிலையில் பார்த்துவிடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

நான்காம் படி: நின்ற இடத்திலேயே மோடை மாற்றிப் பழகுங்கள்

கீழே பார்க்காமல் கட்டைவிரலாலேயே பொத்தானைக் கண்டுபிடிக்கும் வரை இதைச் செய்யுங்கள். ஓடும்போது மாற்றுவதென்றால், நேரான சாலையில் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிய பிறகே மாற்ற வேண்டும். கை திறந்திருக்கும்போது மோட் மாறினால், அதே கைநிலையில் சக்கரத்துக்குப் போகும் விசை திடீரென்று கூடும் அல்லது குறையும். அதனால்தான் பல பைக்குகள் ஆக்சிலேட்டர் மூடும் வரை கட்டளையைக் கிடப்பில் வைத்திருக்கின்றன. வளைவில் சாய்ந்திருக்கும்போது அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். சாவியை அணைத்துப் போட்டால் எந்த மோடில் தொடங்குகிறது என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஊர்ந்து பாருங்கள்

இந்தப் பயிற்சிதான் எல்லாவற்றிலும் அதிகம் கற்றுத்தருவது. இதற்கு நேரம் கொடுங்கள். வண்டி நடமாட்டமில்லாத, காய்ந்த, நேரான இடத்தில் முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல முழுவதும் விட்டுவிடுங்கள். ஆர்ஆர் 310இல் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்ந்துபோகும் வசதி இருப்பதால், அடிப்படை வேகம் ஒரே சீராகக் கிடைக்கும். அந்த ஊர்தலிலிருந்து, ஆக்சிலேட்டரை மயிரிழை அளவு மட்டும் திறந்து, மறுபடி மூடுங்கள். செயின் இறுகும் கணத்தில் இடுப்பில் படும் தள்ளலையும், மூடும்போது உடல் முன்னால் சாய்வதையும் கவனியுங்கள். முதலில் ரெயின், அடுத்து அர்பன், கடைசியாக ஸ்போர்ட் என்ற வரிசையில் செய்யுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால், ஸ்போர்ட்டுக்குப் பழகிய கை ரெயினில் தேவைக்கு மேல் திருப்பி, ரெயின் மோடையும் முரடாகக் காட்டிவிடும்.

அடுத்து, ஒரு குறிப்பிட்ட குறையைத் தேடுங்கள். ஆக்சிலேட்டரைத் திறந்த முதல் நொடியில் வண்டி குதிக்கிறதென்றால், அது மோடின் கூர்மையா, கையின் இறுக்கமா என்று பிரித்தறிய வேண்டும். வலது முழங்கையைத் தளர்த்தி, கைப்பிடியைத் திருகாணி முடுக்குவதுபோல் குறுக்காகப் பிடித்துக்கொண்டு மறுபடி திறந்து பாருங்கள். குதிப்பு குறைந்தால் சிக்கல் கையில் இருந்திருக்கிறது. குறையாவிட்டால், நெரிசலில் உங்களுக்கு அந்த மோட் வேண்டாம். எனக்கு இந்த ஒரு பயிற்சி, காகிதத்து எண்கள் அனைத்தையும்விட முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் நகரத்தில் நாள் முழுவதும் ஓட்டுபவர் உண்மையில் பயன்படுத்துவது ஆக்சிலேட்டரின் முதல் சில டிகிரிகளைத்தான்.

ஆறாம் படி: ஒரே கியரில் இழுத்துப் பாருங்கள்

மூன்றாம் கியரில் 4,000 ஆர்.பி.எம்.மில் சீராகப் போய்க்கொண்டு, ஆக்சிலேட்டரைப் பாதியளவு திறந்து 6,000 வரை இழுங்கள். அர்பனிலும் ஸ்போர்ட்டிலும் வித்தியாசம் சிறிதாகவே தெரியும்; தெரிவதும் பெரும்பாலும் கை எவ்வளவு திருப்ப வேண்டியிருந்தது என்பதில்தான். பிறகு இரண்டாம் கியருக்கு வந்து 6,000இலிருந்து 8,000க்குச் சற்று மேல் வரை இழுத்தால், வேகம் 60 கி.மீ.க்குப் பக்கத்திலேயே இருக்க, படம் மாறிவிடும். ஸ்போர்ட்டில் எஞ்சினின் குரல் இறுகி இழுவை ஏறிக்கொண்டே போகும். அர்பனில் 7,600ஐத் தாண்டியதும் சத்தம் மட்டும் கூடி, தள்ளல் கூடாது. அதை உணர்ந்துவிட்டால், அர்பனில் எப்போது கியரை ஏற்ற வேண்டும் என்பதைக் கையே சொல்லிவிடும்: 7,000ஐ ஒட்டியே ஏற்றிவிடுவது நல்லது, அதற்கு மேல் முறுக்குவதில் பெட்ரோல்தான் வீண்.

ஏழாம் படி: ஈரத்தில்

2020 ஆர்ஆர் 310இல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரெயின் மோட் டயருக்குப் பிடிமானத்தைச் சேர்ப்பதில்லை. கை பிசகும்போது சக்கரத்துக்குப் போகும் விசை மெதுவாக ஏறும்படி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாதசாரிக் கோடுகளின் வெள்ளை வண்ணம், பாலத்தின் இரும்பு இணைப்புப் பட்டை, சாலையில் சிந்திய டீசல் ஆகியவற்றின் மேல் சாய்ந்தபடி ஆக்சிலேட்டரைத் திறந்தால் எந்த மோடிலும் பின்சக்கரம் வழுக்கும். ஆகவே ரெயின் மோடோடு ஒரு கியர் கூடுதலாகப் போட்டு, எஞ்சினைக் குறைந்த ஆர்.பி.எம்.மில் வைத்து, அத்தகைய இடங்களை வண்டியை நேராக வைத்தே கடந்துவிடுங்கள். ஈரமான, ஆளில்லாத நேரான இடத்தில், வேகத்தைக் குறைவாக வைத்து, பின் பிரேக்கைச் சற்று அழுத்தமாக மிதித்து ஏ.பி.எஸ். துடிப்பைப் பாதத்தில் ஒருமுறை உணர்ந்துகொள்வதும் நல்லது. முதன்முறையாக அதை அவசரத்தில் உணர்பவர்கள் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள்.

எட்டாம் படி: மலைப்பாதையும் முந்திச்செல்வதும்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எந்த மோட் என்று கேட்டால், தொடக்கநிலை ஓட்டுநருக்கு அர்பன் என்றே சொல்வேன். வளைவின் நடுவில் மூடிய ஆக்சிலேட்டரை மறுபடி திறக்கும் கணம்தான் அங்கே ஆபத்தானது. அந்தக் கணத்தில் மென்மையாக வரும் விசை, வண்டி வளைவை விட்டு வெளியே ஓடாமல் காக்கிறது. டார்க் சிறிதே குறைவு என்பதால் ஏற்றத்தில் சரியான கியரில் இருக்கும்வரை குறையும் தெரியாது. பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தாலும் இதே தேர்வுதான். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதுவது நின்றுவிடும்.

இருவழிச் சாலையில் லாரியை முந்துவது மட்டும் வேறு கணக்கு. 80 கி.மீ.யில் ஒரு கியர் குறைத்து இழுக்கும்போது ஸ்போர்ட்டில் கிடைக்கும் மேல் ஆர்.பி.எம். இழுவை அர்பனில் கிடைக்காது. எனவே முந்தி முடிக்கக் கூடுதல் தூரம் தேவைப்படும். ஸ்போர்ட்டில் பழகிய கண்ணளவை வைத்துக்கொண்டு அர்பனில் முந்தப் போவது, எதிரில் வரும் பேருந்துக்கு முன்னால் போய் நிற்பதில் முடியலாம். நெடுஞ்சாலையில் ஏறும் முன்பே, நின்ற இடத்தில், மீட்டரைப் பார்த்து மோடை உறுதிசெய்துகொள்ளுங்கள். அர்பனிலேயே ஓட்டுவதென்றால் அதற்கேற்ற இடைவெளி கிடைக்கும்வரை லாரியின் பின்னாலேயே இருங்கள்.

டிராக் மோடைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எஞ்சினின் சக்தியில் அது ஸ்போர்ட்டுக்குச் சமம், ஏ.பி.எஸ். தாமதமாக வருவதே முக்கிய வேறுபாடு. மணலும் பள்ளமும் திடீரென்று குறுக்கே வரும் நாயும் உள்ள பொதுச்சாலையில் அந்தத் தாமதத்தால் ஒரு நன்மையும் இல்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடத்தில், பயிற்றுநரின் மேற்பார்வையில் ஓட்டும் நாள் வரும்வரை அதைத் தொடாமல் விட்டுவிடலாம்.