நெடுங்காலம் நின்றுபோன ஸ்டாண்டர்டு ஹெரால்டை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நின்றுவிட்ட காரைப் பார்த்ததும், ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் எல்லோருக்கும் முதலில் எழுகிறது. அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே இந்த வேலையின் முதல் படி. நின்ற காலத்தில் கெடாமல் தப்பித்த இன்ஜின்கூட அந்த முதல் அரை மணி நேர ஓட்டத்தில் கெட்டுவிடலாம். சிலிண்டர் சுவரில் பிடித்த துருவைப் பிஸ்டன் வளையங்கள் வழித்துக்கொண்டு ஓடும், எண்ணெய் வடிந்துபோன பேரிங்குகள் உலர்ந்தபடி சுழலும், டேங்கின் அடியில் பிசினாகிவிட்ட பழைய பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ், அடுத்து முன்சக்கரங்களும் பிரேக்கும், அதற்குப் பிறகே இன்ஜின் என்ற வரிசையில் இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது, சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. பழைய கார் வேலையில் முதன்முதலாக இறங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் ஒரு பழைய வணிகப் போட்டி. டிரையம்ப் வண்டிகளைத் தயாரித்த இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953-இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. ஒரே கூடாகப் பாடி அமைக்கும் வாய்ப்பு அதனால் கைநழுவவே, தனிச் சேசிஸின்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைக்கும் பாடியுடன் ஹெரால்டை உருவாக்கினார்கள். அன்றைய அந்த நெருக்கடி இன்று நமக்கு வசதியாகிவிட்டது: பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறப்பதால், முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலையைப் பார்க்கலாம்.

படி 1: எதையும் கழற்றுவதற்கு முன்

ஆர்சி புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியிலுள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வண்டிக்குப் பணம் செலவழிக்கத் தொடங்காதீர்கள். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் இடம் தருகின்றன. அப்படிப் பதிவான வண்டியின் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், ஆனால் அதை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த முடியாது. வண்டியை அடிக்கடி ஓட்ட விரும்புபவர்கள் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

பிறகு எல்லாக் கோணங்களிலும் படம் எடுங்கள். கதவுகளுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள இடைவெளிகளை அளந்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். போல்ட் போட்ட பாடி என்பதால் பின்னால் பூட்டும்போது இந்த அளவுகள்தான் வழிகாட்டும். நம் ஊர்க் கொட்டகைகளில் நின்ற வண்டியின் இருக்கைக்கு அடியிலும் டிக்கியிலும் எலி, குளவி, சில வேளைகளில் பாம்பும் குடியிருக்கும் என்பதால், கையை விடுவதற்கு முன் நீண்ட கம்பியால் தட்டிப் பார்ப்பது அவசியம்.

படி 2: சேசிஸைத் தட்டிப் பார்த்தல்

சமதளத்தில் சக்கரங்களுக்கு அண்டைக் கல் வைத்து, சேசிஸின் முதன்மைச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்து உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள். படிந்த மண்ணைச் சுரண்டிய பின், சிறிய சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்துங்கள்; உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

ஹெரால்டில் முதலில் அரிப்பவை, முதன்மைச் சட்டத்திலிருந்து பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகளும், டிக்கிக்கு அடியில் வரும் பின்பகுதியும்தான். கதவுக்குக் கீழே தெரியும் பக்கவாட்டுத் தகடு இந்த வண்டியில் சுமை தாங்குவதில்லை. வெறும் போல்ட்டில் நிற்பது. எனவே அது ஓட்டையாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது பளபளவென்று இருந்தாலும் அதை நம்பி ஏமாற வேண்டாம். பற்றவைக்கும் வேலைக்குப் பழகிய டிங்கரை அழைத்து, பாடியைக் கழற்றாமல் ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் மாற்றச் சொன்னால் வண்டியின் நேர்த்தி குலையாது.

படி 3: முன்சக்கரத்தின் ட்ரனியன்

புதியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் மிக முக்கியமான செய்தி இதுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் திருகு மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை, ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை அந்த வெண்கலத்துக்குள் சுழல்கிறது. இந்த இடத்துக்குத் தேவை இபி 90 கியர் ஆயில், கிரீஸ் அன்று. கிரீஸ் காலப்போக்கில் மெழுகுபோல் இறுகிப் புதிய எண்ணெய் நுழையும் வழியையும் அடைத்துவிடுவதால், மரைக்குள் தண்ணீர் தங்கித் துரு ஏறி, ஒரு நாள் தண்டு மரையோடு முறிந்து சக்கரம் அப்படியே உட்புறமாக மடங்கிவிடும்.

என்னிடமுள்ள ஹெரால்டில் இந்தக் கட்டையைக் கழற்றியபோது, உள்ளே பழுப்பு நிறத்தில் சோப்புத் துண்டுபோல் கெட்டியான கிரீஸ் நிறைந்திருந்தது. முன்பு வண்டியைப் பார்த்துவந்த ஒரு பட்டறையில் ஆண்டுக்கணக்காகக் கிரீஸ் கன்னால் அடைத்துவைத்திருக்கிறார்கள். அதைக் குச்சியால் வழித்து மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு பார்த்தால், இடப்பக்கத் தண்டில் மரை தொடங்கும் இடத்தில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்குத் துருக்குழி விழுந்திருந்தது. மேலுக்குச் சக்கரம் ஆடவில்லை, சத்தமும் இல்லை. கழற்றியிராவிட்டால் தெரிந்தே இருக்காது.

ஆகவே இரு பக்கமும் கழற்றிப் பாருங்கள். குழி விழுந்த தண்டை மீண்டும் பூட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை என்பதால் கட்டைகளை மாற்றிப்போடாமல் அடையாளம் இட்டுவையுங்கள். பூட்டும்போது மரையை முழுவதும் உள்ளே செலுத்தி, பிறகு ஸ்டியரிங் இரு பக்கமும் முழுமையாகத் திரும்பும்படி சற்றே பின்வாங்க வேண்டும். கட்டையிலுள்ள சிறு திருகைக் கழற்றி நிப்பிள் பொருத்தி, எண்ணெய் நிரப்பிய கன்னால் மேலே கசியும் வரை அழுத்துங்கள். டிரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளுக்கான இந்தப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் சில பழைய பாகங்களும் அகப்படலாம்.

படி 4: பிரேக்

நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டிரம்களைக் கழற்றி, வீல் சிலிண்டர்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் பிரித்து, ரப்பர் வாஷர்கள் அனைத்தையும் மாற்றுங்கள்; பார்வைக்கு நன்றாக இருக்கும் ரப்பரையும் விட்டுவைக்காதீர்கள். சிலிண்டரின் உட்சுவரில் குழி இருந்தால் புது ரப்பர் போட்டாலும் ஒழுகும் என்பதால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் ஸ்லீவ் போட வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ பட்டால் ரப்பர் உப்பிவிடும்; பிரேக் ஆயிலையே தொட்டுத் துடையுங்கள். ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றிய பின், மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பெடல் கல்போல் நிற்க வேண்டும். ஒருவர் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தும் அது இறங்கக் கூடாது. கிளட்சும் ஹைட்ராலிக் என்பதால் அதற்கும் இதே வேலைதான்.

படி 5: இன்ஜின்

ஹெரால்டின் இன்ஜின் 948 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் இன்ஜின். பழைய ஆயிலை வடித்துப் புதியதை ஊற்றுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கைந்து தேக்கரண்டி விட்டு, குறைந்தது மூன்று நாள்கள் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்கப் புல்லியின் நட்டில் ஸ்பானர் கொடுத்து மெல்ல அசையுங்கள். நகராவிட்டால் வலிந்து திருகாமல் மீண்டும் கலவை விட்டுக் காத்திருங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. இம்மியளவு நகர்ந்தாலும் முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்தே முழுச் சுற்றுக்குக் கொண்டுவரலாம்.

சுழலத் தொடங்கியதும் மேல் மூடியைத் திறந்து, வால்வுகள் எட்டும் சீராக ஏறி இறங்குகின்றனவா என்று கவனியுங்கள். திறந்த நிலையில் ஒட்டிக்கொண்ட வால்வு இருந்தால், அதன் தண்டில் எண்ணெய் விட்டு, பிடி விடும் வரை பொறுத்திருங்கள். பின்னர் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியை 0.010 அங்குலத்துக்கு, அதாவது 0.25 மி.மீ.-க்கு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்துச் சரிசெய்யுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியை 0.015 அங்குலத்திலும், பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்திலும் வையுங்கள். கண்டென்சரை மாற்றிவிடுவதே மேல். பிளக் வயர்களின் வரிசை 1-3-4-2.

பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது, கழற்றுவது எளிது. பழைய பெட்ரோலை வடிக்கும்போது வார்னிஷ் வாடை அடித்தால், டேங்கை மட்டுமன்றிக் குழாய், பம்ப், கார்புரேட்டர் அனைத்தையும் பிரித்துக் கழுவியாக வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலிலுள்ள எத்தனால் அந்தக் கால ரப்பரை அரித்துவிடும் என்பதால், எத்தனால் தாங்கும் புது ட்யூப்களையே வாங்குங்கள்.

படி 6: மின்சாரம்

பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகிறது என்பதைப் பழைய கேபிள்களையும் வயரிங்கையும் பார்த்து உறுதிசெய்யாமல் பேட்டரியை இணைக்காதீர்கள். அந்தக் காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த். எலி கடித்த வயர்களை மாற்றிய பின், எர்த் ஆகாத முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். எல்லா ஸ்விட்சுகளும் அணைந்திருக்கையில் பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். வயர் தீப்பிடிப்பதற்குப் பதிலாகப் பல்பு எரிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே பேட்டரியை நேரடியாக இணைக்க வேண்டும்.

படி 7: முதல் ஓட்டம்

ரேடியேட்டரை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவி நிரப்புங்கள். பிளக்குகள் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃபைப் பத்து நொடி பத்து நொடியாகச் சுழற்றுங்கள். பேரிங்குகளுக்கு எண்ணெய் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு பிளக்குகளைப் போட்டு, தீயணைப்பான் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஊறவைத்த எண்ணெய் எரிவதால் முதலில் புகை திரண்டு வரும். சில நிமிடங்களில் அது குறைய வேண்டும். பெட்ரோல் கசிவையும் தண்ணீரின் சூட்டையும் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

ஸ்டாண்டிலிருந்து இறக்கியவுடன் பின்சக்கரங்கள் உட்புறமாகக் காலை மடக்கியதுபோல் நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். குறுக்கே செல்லும் லீஃப் ஸ்பிரிங்கும், ஊசலாடும் பின் அச்சும் கொண்ட வண்டி இது. சில அடி தூரம் உருட்டினால் தானே சரியாக உட்கார்ந்துவிடும். ஆனால் அதே அமைப்பின் காரணமாக, வளைவில் வேகமாகச் சென்று திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி நிலைகுலையக்கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பழைய டயர்களில் பட்டை மீதமிருந்தாலும் பக்கச்சுவர் வெடித்திருக்கும் என்பதால், புது 13 அங்குல டயர்கள் இல்லாமல் சாலைக்கு வராதீர்கள்.

முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை வெள்ளைத் தட்டு ஒன்றில் வடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். கரியும் சகதியும் வருவது இயல்பு. செம்பு நிறத்தில் மின்னும் துகள்கள் தெரிந்தால் பேரிங்குகளைப் பார்க்க இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சேம்பரை இறக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கட்டைக் கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டுவிட்டு, பெயிண்ட்டைப் பற்றி அப்போது யோசிக்கத் தொடங்கலாம்.